குளியலறைத் தாழ்ப்பாளும் காலை உணவும்

களியக்காவிளைக்கு அருகிலிருந்து எழுதும் நீங்கள் கேட்டிருப்பதன் சாரம் இது. திருவனந்தபுரத்தில் நர்சிங் படிக்கும் 19 வயதுத் தங்கை, வார இறுதியில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்டு எழுந்த உடனே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அலமாரியில் வைத்த அச்சு முறுக்கு டப்பாவும் பிஸ்கட் பொட்டலங்களும் இரவோடு இரவாகக் காலியாகின்றன. ஆனாலும் ஆள் மெலியவில்லை. வயிற்று மருத்துவர் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்து, அசிடிட்டி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார். இது நோயா, கெட்ட பழக்கமா என்று கேட்கிறீர்கள். குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்று அம்மா சொல்வது சரியா என்றும் கேட்கிறீர்கள். இதில் எங்கள் தவறு எது என்ற மூன்றாவது கேள்வியை நீங்கள் எழுதவில்லை என்றாலும் வரிகளுக்கிடையே அது தெரிகிறது. மூன்றுக்கும் எனக்குத் தெரிந்த அளவில் விடை சொல்கிறேன்.

முதலில் என் எல்லை. நான் மார்த்தாண்டத்தில் 20 ஆண்டுகளுக்கு மேலாக மனநல மருத்துவராக இருக்கிறேன். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இருபுறமிருந்தும், பாதி தமிழும் பாதி மலையாளமுமாகப் பேசிக்கொண்டு, இந்தத் துன்பத்தோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உண்ணல் கோளாறுகளுக்கென்றே தனிப்பிரிவு வைத்திருக்கும் பெருநகர மருத்துவமனையில் நான் பணியாற்றியதில்லை. ஒருவரை நேரில் பார்க்காமல், அக்கா எழுதிய பத்து வரிகளை வைத்து நோயின் பெயரை முடிவு செய்வதும் முறையன்று. ஆயினும் நீங்கள் சொல்லியிருப்பவை ஒன்றுசேரும்போது எந்த மனநல மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது, அளவுமீறித் தின்றுவிட்டு அதை ஈடுகட்ட வாந்தி முதலியவற்றை நாடும் புலிமியாதான். அதை உறுதி செய்வதற்குமுன் சிலவற்றை விலக்க வேண்டும். உண்டது முயற்சியில்லாமலே வாய்க்குத் திரும்பி வந்து, அதை மறுபடி மென்று விழுங்குகிற அசைபோடும் கோளாறு ஒன்று உண்டு. அதில் உடல் எடையைப் பற்றிய அச்சம் இருக்காது. உணவுக்குழாயின் கீழ்வாய் சரியாகத் திறக்காத நோயில் செரிக்காத சோறு அப்படியே மேலே வரும். காலையில் தலைவலியோடு வருகிற வாந்தியா, கருவுற்றிருக்க வாய்ப்புண்டா என்பதையும் மருத்துவர் கேட்டே ஆகவேண்டும். இவற்றில் எதிலும் நள்ளிரவில் முறுக்கு டப்பா காலியாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நோயா என்ற கேள்விக்கு ஐயமற்ற விடை உண்டு: நோய்தான். லண்டனில் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் தாம் பார்த்த 30 நோயாளிகளைப் பற்றி 1979-இல் எழுதிய கட்டுரையில்தான் இதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. உடல் எலும்பாக இளைத்துப்போகும் அனோரெக்சியாவின் ஆபத்தான வேறொரு வடிவம் என்று அவர் இதைக் கருதினார். இன்று நோயை முடிவு செய்ய மூன்று கூறுகளைப் பார்க்கிறோம். குறுகிய நேரத்தில், வழக்கத்துக்கு மிஞ்சிய அளவு உணவை, நிறுத்த முடியாத நிலையில் தின்பது முதலாவது. அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பது, பேதி மாத்திரை விழுங்குவது, பட்டினி கிடப்பது, உடம்பை வருத்தும் அளவுக்கு ஓடுவது போன்றவை இரண்டாவது. தன் மதிப்பு முழுவதையும் உடல் எடையிலும் வடிவத்திலும் வைத்து அளப்பது மூன்றாவது. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக நலவாழ்வு அமைப்பின் நோய்ப்பட்டியலின்படி வாரம் ஒருமுறையாவது, ஒரு மாதமளவாவது இது நடந்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் 2013-ஆம் ஆண்டு வரையறை மூன்று மாதம் கேட்கிறது. கல்யாண வீட்டில் மூன்று வகைப் பாயசத்தையும் ஒரு கை பார்ப்பது இதில் சேராது. நோயாளிகள் என்னிடம் சொல்லும் சொல், "கை நிக்கல டாக்டர்" என்பதுதான். அந்த மூன்று சொற்களுக்கு மேல் துல்லியமான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை.

புலிமியா என்ற பெயர், கிரேக்கத்தில் எருதின் பசி என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. தமிழ் படித்தவர்களுக்கு இதைக் கேட்டதும், மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகையின் யானைத்தீ என்ற தீராப்பசி நினைவுக்கு வரும். பெயர்ப் பொருத்தம் அழகுதான். ஆனால் காயசண்டிகை தன் பசியை ஊரறியச் சுமந்தாள். உங்கள் தங்கை ஒளித்துச் சுமக்கிறாள். காயசண்டிகைக்கு அது முனிவரின் சாபத்தால் வந்தது. உங்கள் தங்கைக்கு அது, பெரும்பாலும், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்ததால் வந்திருக்கும். கீழே நான் சொல்லப்போகும் சிகிச்சை முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது.

மெலியவில்லை என்பதைக் காட்டி நோயில்லை என்று முடிவுகட்டுவதுதான் வீடுகளில் மிகுதியாக நடக்கும் பிழை. இந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் எடை இயல்பாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கும். ஆகவே தராசை விட்டுவிட்டு வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். வயிற்று அமிலம் திரும்பத் திரும்பப் படுவதால் மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், நாக்குப் படும் பக்கம், எனாமல் கரைந்து மழமழப்பாகிவிடும். குளிர்ந்த நீர் பட்டால் கூசும். காதுக்கு முன்னால் தாடை மூலையில் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி இருபுறமும் வலியில்லாமல் வீங்கி முகம் அகன்று தெரியும். விரலைத் தொண்டைக்குள் விடும்போது பல் உரசுவதால் சிலருக்குக் கைமுட்டிகளின் மேல் தழும்போ காய்ப்போ இருக்கும். இதற்கு ரஸ்ஸலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஆனால் பழகிப்போனவர்கள் விரலே இல்லாமல் வாந்தி எடுப்பார்கள் என்பதால், தழும்பு இல்லை என்பதற்காக நிம்மதி அடையக்கூடாது. இவற்றோடு கண்வெள்ளையில் இரத்தக்கசிவு, தொண்டைக் கரகரப்பு, முறை தவறும் மாதவிலக்கு, விளங்காத களைப்பு ஆகியவையும் வரலாம். எண்டோஸ்கோப்பி இயல்பாக இருப்பது எதையும் மறுப்பதாகாது. வயிற்று மருத்துவரைக் குறை சொல்வதற்கும் இல்லை. வாந்தி தானாக வருகிறதா, வரவழைக்கிறாயா என்று தாய் உடனிருக்கும்போது கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

இதில் நானே தவறியிருக்கிறேன். பணிக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், தூக்கமின்மைக்கு என்று வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி மாணவியிடம், "இப்போ கன்னம் வச்சு முகம் நல்லா ஆயிருக்கு" என்று பாராட்டாகச் சொன்னேன். அது சுரப்பி வீக்கம். அதன்பின் அந்தப் பெண் இரண்டு மாதம் வரவில்லை. வந்தபோது நோய் இரட்டிப்பாகியிருந்தது. எனக்கு இதைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர், பல் கூச்சத்துக்கு வந்தவர்களில் சிலரைத் தயங்காமல் என்னிடம் அனுப்பிவைத்த ஒரு பல் மருத்துவர்.

நம் பகுதியில் இந்த நோய் மறைந்துகொள்ள வசதியான இடங்கள் சில உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுப்பது நல்லது என்று நம்பும் வீட்டில், பேதி மருந்து வாங்கும் பெண்ணை யாரும் கேள்வி கேட்பதில்லை. பேதி மருந்துகள் பெருங்குடலில் வேலை செய்பவை; சாப்பாட்டின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். எனவே குறைந்ததாகத் தெரியும் எடை வெறும் நீர், இரண்டு நாளில் திரும்பிவிடும். வாந்தியும் உண்டதில் ஒரு பகுதியைத்தான் வெளியேற்றும். கணிசமான பகுதி உள்ளேயே தங்கிவிடும். எல்லைப்புறத்தில் ஆயுர்வேதப் பஞ்சகர்ம சிகிச்சைக்கு எளிதாகப் போய்விடலாம் என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்த நோய் உள்ளவர்கள் அதில் வாந்தி எடுக்கவைக்கும் வமனமோ பேதியாக்கும் விரேசனமோ செய்துகொள்ளக் கூடாது. நோயை மறைக்காமல் சொன்னால், பொறுப்புள்ள வைத்தியரே மறுத்துவிடுவார். விரதமும் அப்படித்தான். தவக்காலமோ மண்டல காலமோ, பட்டினிக்குப் புனிதமான காரணம் கிடைத்துவிட்டால் நோய் அதைப் பற்றிக்கொள்ளும். நோயுற்றவர்களுக்கு விலக்கு உண்டு என்பதைப் பங்குத்தந்தையோ குருசாமியோ வாயால் சொல்வது, நான் சொல்வதைவிட எடுபடும்.

உடலுக்கு உண்மையிலேயே ஆபத்தானது பொட்டாசியக் குறைவு. வாந்தியாலும் பேதியாலும் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 3-க்குக் கீழே போனால் அன்றே கவனிக்க வேண்டும், 2.5-க்குக் கீழே போனால் இதயத்துடிப்பு தாறுமாறாகும் அபாயம் உண்டு. வெளித்தோற்றத்தில் எதுவும் தெரியாமலே இது நடக்கலாம். இளநீரில் பொட்டாசியம் இருக்கிறதே, தினம் ஒன்று வெட்டிக் கொடுத்தால் போதாதா என்று ஒரு தந்தை என்னிடம் கேட்டார். குடிப்பதில் தவறில்லை, ஆனால் அதுவும் வாந்தியோடு போய்விடலாம், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதையும் இளநீர் சொல்லாது. ஆகவே முதல் வாரத்திலேயே சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்பனேட், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் ஒரு ஈ.சி.ஜி.யும் தேவை. மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு, கைகால் தளர்ச்சி, வாந்தியில் இரத்தம், கறுத்த மலம், வாந்திக்குப் பின் கடுமையான நெஞ்சுவலி, தின்றபின் வயிறு கல்லாக உப்பி வலித்தல், சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி, எடை குறைய வேண்டும் என்று ஊசியைத் தவிர்ப்பதும் இதே அவசரத்தில் சேரும்.

இனி உங்கள் மூன்றாவது கேள்வி. ஏன் ஒருத்திக்கு வருகிறது, அதே வீட்டில் வளர்ந்த மற்றொருத்திக்கு வருவதில்லை என்பதற்கு முழு விடை மருத்துவத்திடம் இன்னும் இல்லை. இரட்டையர் ஆய்வுகள் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு என்று காட்டுகின்றன. மனச்சோர்வு, பதற்றம், சிறுவயதில் நேர்ந்த வன்முறை ஆகியவை வாய்ப்பைக் கூட்டுகின்றன; ஆனால் இவை எதுவுமில்லாமல் வந்தவர்களும் உண்டு. ஓரளவு உறுதியாகத் தெரிந்தது, பட்டினி தின்ன வைக்கும் என்பது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45-இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ், போரில் ஆயுதமேந்த மறுத்த 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்கள் பகலெல்லாம் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் குறிப்புகளைப் படித்தார்கள். உணவுக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகு, சிலர் வயிறு வலிக்கும்வரை தின்றும் போதவில்லை என்றார்கள். அந்த இளைஞர்களுக்கு உடல் அழகைப் பற்றி எந்தக் கவலையும் இருந்ததில்லை.

பசிக்கு மேலே அழகின் அழுத்தம் வந்து சேர்வதைப் பிஜித் தீவில் பார்த்தார்கள். பூரித்த உடலே அழகு என்று கருதிய அந்தச் சமூகத்தில் 1995-இல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களில் கேட்டபோது, எடைக்காக வாந்தி எடுப்பதாக ஒரு பள்ளி மாணவியும் சொல்லவில்லை. 1998-இல் கேட்டபோது 11.3 சதவீத மாணவியர் அப்படிச் சொன்னார்கள். சிறிய ஆய்வுதான், தொலைக்காட்சியே காரணம் என்று அதை வைத்து அறுதியிட முடியாது. ஆனாலும் அதை வாசித்தபோது எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வந்தது. என் பாட்டி காலத்தில் தடித்த பெண்தான் லட்சணமான பெண். இன்று பெண் பார்க்க வருகிறவர்கள் போனபிறகு, "கொஞ்சம் தடி" என்ற ஒரு சொல் திண்ணையில் கிடக்கிறது. சினைப்பைக் கட்டி என்று சொல்லி, பத்து கிலோ குறைத்துக்கொண்டு வா என்று மருத்துவர்களே எழுதிக் கொடுத்து, அதிலிருந்து இந்த நோய்க்குள் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். உங்கள் வீட்டில் யாரோ ஏதோ சொல்லியிருக்கலாம். அது ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம், அதுமட்டுமே நோயை உண்டாக்கியிருக்காது. குற்றவாளியைத் தேடும் வீட்டில் சிகிச்சை நடப்பதில்லை என்பதையும் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

சிகிச்சைக்கு வருகிறேன். நோய் ஒரு சக்கரம். எடைக்குப் பயந்து காலையில் டீ மட்டும், மதியம் இரண்டு பிடி சோறு, மாலையில் தாங்க முடியாத பசி, கை நிற்காமல் தின்பது, அருவருப்பு, வாந்தி, நாளை முதல் இன்னும் கடுமையான கட்டுப்பாடு என்ற உறுதி, மறுபடி வெறும் டீ. வீட்டார் கண்ணுக்குத் தெரிவது வாந்தி மட்டும் என்பதால் எல்லோரும் அங்கே கைவைக்கிறார்கள். ஆனால் சக்கரம் சுழல்வது காலையில்தான். எனவே ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வகுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் தொடக்கப் பாடம், வாந்தியை நிறுத்து என்பதாக இருக்காது. நேரத்துக்குச் சாப்பிடு என்பதாக இருக்கும். மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு மூன்று சிற்றுண்டி, இரண்டுக்கு நடுவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது. நம் ஊர்க் கணக்கில் காலை எட்டு மணிக்குப் புட்டும் பயறும், பதினொரு மணிக்குச் சாயாவும் ஒரு மட்டிப்பழமும், ஒரு மணிக்குச் சம்பா அரிசிச் சோறும் மீன்கறியும், நாலரைக்கு மறுபடி ஒரு சாயாவும் கொறிக்க ஏதாவது கடியும், இரவு எட்டுக்கு அளவான சாப்பாடு. பசித்தாலும் பசிக்காவிட்டாலும், முந்தின நாள் இரவு வாந்தி எடுத்திருந்தாலும், மறுநாள் காலைப் புட்டு உண்டு. சொன்னால் எளிது. செய்கிறவளுக்கு முதல் இரண்டு வாரம் நெருப்பில் நடப்பது மாதிரி இருக்கும்.

இதோடு ஒரு குறிப்பேடு. எப்போது, எங்கே, என்ன சாப்பிட்டாள், அப்போது மனத்தில் என்ன ஓடியது, வாந்தி எடுத்தாளா என்பதை உடனுக்குடன் எழுத வேண்டும். எடை வாரத்துக்கு ஒருமுறை, சிகிச்சையாளர் முன்னிலையில். வீட்டில் தினம் நான்கு முறை தராசில் ஏறுவது நிற்க வேண்டும். எல்லைக்கு அப்பால் பள்ளிப் படிப்பு முடித்த ஒரு பெண், இந்தக் குறிப்பேட்டை முழுக்க மலையாளத்தில் எழுதிக்கொண்டு வந்தாள், பேச்செல்லாம் தமிழில்தான். கேட்டபோது, வீட்டில் யாருக்கும் அந்த எழுத்து வாசிக்கத் தெரியாது என்றாள். அந்த அளவு தனிமை தேவைப்படும் வேலை அது. ஆகவே உங்கள் தங்கையின் நோட்டைத் திறந்து பார்த்துவிடாதீர்கள். உணவு ஒழுங்காகி, தின்பதும் வாந்தியும் குறைந்த பிறகுதான், எந்தக் கோபம், எந்தத் தனிமை, எந்தக் கண்ணாடி இதைத் தூண்டுகிறது என்ற பேச்சுக்குப் போகிறோம்.

வாந்தியையும் பேதி மருந்தையும் நிறுத்திய முதல் வாரங்களில் உடல் நீரைப் பிடித்துவைப்பதால் கால் வீங்கலாம், எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம், கன்னச் சுரப்பியும் சில நாளைக்குக் கூடுதலாக வீங்கலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், பயந்தது நடந்துவிட்டது என்று அவள் பழைய வழிக்கே போய்விடுவாள். அந்த நீர் தானாக வடியும். நீர் வடியும் மாத்திரையைக் கடையில் வாங்கி விழுங்கினால் பொட்டாசியம் இன்னும் இறங்கும்.

இந்தச் சிகிச்சைக்கு வலுவான சான்று உண்டு. பிரிட்டனின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வழிநடத்தப்பட்ட சுய உதவிப் பயிற்சியில் தொடங்கி, நான்கு வாரத்தில் பலன் இல்லையென்றால் 20 வாரத்தில் 20 அமர்வுகள் வரை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று சொல்கிறது; 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரையும் சேர்த்த குடும்பச் சிகிச்சையை முன்வைக்கிறது. கோபன்ஹேகனில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதத்தில் முடியும் இந்தச் சிகிச்சையையும் இரண்டாண்டு நடக்கும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஐந்தாம் மாதத்தில் தின்பதும் வாந்தியும் முற்றிலும் நின்றவர்கள் முதல் பிரிவில் 42 சதவீதம், இரண்டாவதில் 6 சதவீதம். இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது 44-க்கு 15. இதையே மறுபக்கமாகப் படித்தால், மிகச் சிறந்த சிகிச்சையிலும் பாதிக்கு மேற்பட்டோர் முழுமையாக விடுபடவில்லை. குறைந்திருக்கும், ஆனால் நின்றிருக்காது. நோய் கண்டு ஐந்து முதல் பத்தாண்டுகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் முழுதாகக் குணமடைகிறார்கள், ஐந்தில் ஒருவருக்கு நோய் அப்படியே நீடிக்கிறது, நடுவில் உள்ளவர்கள் ஏறியும் இறங்கியும் இருக்கிறார்கள் என்பது பழைய தொகுப்பாய்வுகளின் கணக்கு. இடையில் ஒருமுறை திரும்ப வந்தால், எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம்.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஃப்ளூக்ஸெடின் என்ற மாத்திரைக்கு நல்ல சான்று உண்டு; மனச்சோர்வு இல்லாதவர்களுக்கும் அது தின்னும் உந்துதலைக் குறைக்கிறது. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் 20 மில்லிகிராம் இதற்குப் போதுவதில்லை. படிப்படியாக 60 வரை ஏற்ற வேண்டும். 20-இலேயே நிறுத்திவிட்டு மருந்து கேட்கவில்லை என்று கைவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். இளவயதினருக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்க வேண்டும். புயூப்ரோபியான் என்ற மருந்து இந்த நோயாளிகளுக்கு வலிப்பை வரவழைக்கக்கூடும் என்பதால் தவிர்க்கப்படுகிறது. மருந்து மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தாழ்ப்பாளுக்கு வருவோம். கழற்ற வேண்டாம். கழற்றிய வீடுகளை அறிவேன். வாந்தி ரப்பர் தோட்டத்துக்கும் பாலித்தீன் பைக்கும் இடம் மாறியதே தவிர நிற்கவில்லை, மகள் தாயிடம் பேசுவது மட்டும் நின்றது. அதற்குப் பதிலாக, சாப்பிட்ட பின் ஒரு மணி நேரம் கடினமான நேரம் என்று எனக்குத் தெரியும், கூட இருக்கட்டுமா என்று அவளிடமே கேளுங்கள். சம்மதித்தால் கடைத்தெரு வரைக்கும் நடந்துவிட்டு வாருங்கள், அல்லது பாத்திரம் துலக்கிக்கொண்டே பேசுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். யாருடைய உடம்பைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரி இளைத்ததைப் பற்றியும்கூட, சாப்பாட்டு மேசையில் பேச்சு வேண்டாம். திருவோணத்தன்று இலை போட்டு இருபது கூட்டு வைக்கும் வீடாக இருந்தால், அன்றைய சத்யை என்னும் விருந்து ஆண்டிலேயே கடினமான சாப்பாடாக இருக்கும். மதியச் சத்யைக்காகக் காலையில் பட்டினி கிடக்கும் வழக்கத்தை அவளுக்கு மட்டுமாவது விட்டுக்கொடுங்கள்.

எப்படிப் பேச்சைத் தொடங்குவது? சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், அம்மா முன்னிலையிலும் வேண்டாம். நீ திருட்டுத்தனமாகத் தின்கிறாய் என்பதற்கும், சாப்பிட்டபின் நீ தவிப்பதைப் பார்க்கிறேன் என்பதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. 1999-இல் பிரிட்டனில் வகுத்த ஐந்து கேள்விகளை மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம்: வயிறு முட்டிவிட்டது என்று தோன்றி வாந்தி எடுப்பதுண்டா, சாப்பிடும் அளவு கைமீறிப் போகிறதே என்ற கவலை உண்டா, மூன்று மாதத்தில் ஆறு கிலோவுக்கு மேல் குறைந்ததா, பிறர் மெலிந்திருக்கிறாய் என்றாலும் தடித்திருப்பதாகத் தோன்றுகிறதா, சாப்பாடு உன் வாழ்க்கையையே ஆள்கிறது என்று நினைக்கிறாயா. இரண்டுக்கு ஆம் என்றால் சோதிக்க வேண்டும். இது நோயை முடிவு செய்யும் கருவியாகாது, ஐயத்தை எழுப்புவதற்கு மட்டும். நர்சிங் மாணவி என்பதால் இதையெல்லாம் அவள் உங்களைவிட நன்றாக அறிந்திருக்கக்கூடும். அறிவது இந்த நோயில் பாதுகாப்பாவதில்லை. இரவுப் பணி போடும் வாரங்களில் சாப்பாட்டு நேரம் குலையும் என்பதை முன்பே கணக்கில் வைக்க வேண்டும்.

எங்கே போவது என்றால், ஆசாரிபள்ளத்தில் உள்ள கன்னியாகுமரி அரசு மருத்துவக் கல்லூரியிலும், அவள் படிக்கும் திருவனந்தபுரத்து அரசு மருத்துவக் கல்லூரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. கல்லூரிக்கு அருகில் இருப்பதே நல்லது. வாரா வாரம் போக வேண்டிய சிகிச்சை இது. திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை இருக்கும் ஊளம்பாறைக்கு அனுப்புகிறீர்களா என்று உறவினர்கள் கேட்பார்கள். திருவிதாங்கூர் காலத்திலிருந்து நம் பக்கத்து நாவில் ஒட்டிக்கொண்ட ஏச்சு அது, சட்டை செய்ய வேண்டாம். படிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் இடைஞ்சலாகுமோ என்று அவள் அஞ்சினால், 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் உரிமையைத் தருகிறது என்று சொல்லுங்கள். 19 வயதாகிவிட்டதால், அவள் சம்மதமில்லாமல் மருத்துவர் உங்களிடமும் விவரம் சொல்லமாட்டார். அதை நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். யாரையும் நேரில் பார்க்க மனமில்லாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணில் தமிழிலோ மலையாளத்திலோ பேசலாம். கட்டணமில்லை, எந்நேரமும் எடுப்பார்கள்.

மனநல மருத்துவர் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் எழுந்து போய்விட்டால், பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பல் கூசுகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஆம் என்பாள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவரைக்கும் ஒன்று: வாந்தி எடுத்த உடனே பல் துலக்கினால், அமிலத்தில் இளகிய எனாமல் பிரஷ்ஷோடு உரிந்து வரும். ஒரு தம்ளர் தண்ணீரில் சிட்டிகை சமையல் சோடா கலந்து வாய் கொப்பளித்துவிட்டு, துலக்குவதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். இதை நீங்கள் அவளிடம் சாதாரணமாகச் சொன்னாலே, உங்களுக்குத் தெரியும் என்பதும், அதற்காக நீங்கள் கத்தப்போவதில்லை என்பதும் அவளுக்குப் புரிந்துவிடும்.